ஸ்தானம் தருவது யார்?
சிகாகோவில் ஒரு தொகுதியின் கதை

அமெரிக்க அரசியல் என்றால் நம் நாட்டு அரசியல்வாதிகளின் கண் வாஷிங்டன் நகரை விட்டு அகலுவதில்லை. ஜனாதிபதி யார், அவர் என்ன சொன்னார், காங்கிரஸ் மகாசபையில் எந்தக் கட்சிக்குப் பலம் அதிகம் என்பவையெல்லாம் இங்கே காப்பி ஹோட்டல்களிலும் விவாதிக்கப்படுகின்றன. ஆனால் அத்தேசத்தில் போலீஸ், பள்ளிக்கூடம், சிறைச்சாலை, வரி முதலிய அன்றாட வாழ்வுக்குரிய விஷயங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பவை ஐம்பது ராஜ்யங்களின் சட்டசபைகளே. அச்சபைகளின் அங்கத்தினர்களை உலகம் அறியாது. அவர்களுடைய சொந்தத் தொகுதிவாசிகளிலேயே பலர் அறியார். அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்பதை அறிய விரும்புவோர் இத்தகைய மங்கிய மூலைகளைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே நாம் ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். இல்லினாய் ராஜ்யத்து மேல்சபையின் பதின்மூன்றாவது தொகுதி அது.

சிகாகோ நகரின் தென்பாகத்தில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி, ஹைட் பார்க், கென்வுட், ஸௌத் ஷோர் முதலிய பேட்டைகளைக் கொண்டது இத்தொகுதி. நம்மவர்களுக்கு அவ்வட்டாரம் முற்றிலும் அந்நியமானதன்று. 1893ஆம் வருஷத்து உலகப் பொருட்காட்சி நடந்த ஜாக்ஸன் பூங்கா அங்கேதான் இருக்கிறது. அப்பொருட்காட்சியின் ஓர் அங்கமாக நகரின் மையத்தில் கூடிய சர்வமத மகாசபைக்கே சென்னை நண்பர்கள் பொருள் திரட்டி சுவாமி விவேகானந்தரை அனுப்பிவைத்தார்கள். அவ்வட்டாரத்தின் சர்வகலாசாலையில்தான், சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்ற விஞ்ஞானி சந்திரசேகர் 1937 முதல் 1995ல் காலமாகும் வரை பணி செய்தார்; சங்கச் செய்யுட்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏ. கே. ராமானுஜன் ஆசிரியராக இருந்ததும் அங்கேதான். ஒரு பக்கம் இத்தகைய கல்விச் செல்வம். சில தெருக்கள் கடந்தால் தொழிற்சாலைகள் மூடி வேலை இழந்த குடும்பங்கள். தென் ராஜ்யங்களின் கொடுமைக்குத் தப்பி வடக்கே வந்த கறுப்பு இனத்தார் இன்ன தெருவுக்கு மேல் குடியேறலாகாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதி வைத்த காலமும் அங்கே இருந்தது. அந்நிபந்தனையை எதிர்த்து ஹான்ஸ்பெரி குடும்பத்தார் போராடிய வழக்கு 1940ல் அமெரிக்க உயர்தனி நீதிமன்றம் வரை சென்று வென்றது, அவ்வட்டாரத்தின் ஒரு வீட்டைப் பற்றியதே.

இல்லினாய் மேல்சபைக்கு 59 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாகப் பிளந்து கீழ்ச்சபைக்கு 118 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 ஜனக்கணக்கின்படி மேல்சபைத் தொகுதி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 17 ஆயிரம் பேர் வருகிறது. நம் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தொகுதி ஒன்றின் ஜனத்தொகை 2011 கணக்கிலேயே 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எனவே அளவில் அது பெரிய தொகுதியல்ல.

இந்த ஏற்பாடும் ஆதியிலிருந்து வந்ததன்று. 1870ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி கீழ்ச்சபைக்குத் தொகுதி ஒன்றுக்கு மூவர். ஓட்டர் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. அம்மூன்றையும் ஒருவருக்கே குவிக்கலாம். இருவருக்கு ஒன்றரை ஒன்றரையாகப் பிரிக்கலாம். மூவருக்கு ஒவ்வொன்றாகவும் அளிக்கலாம். இதன் பயனாகப் பெரும்பாலான தொகுதிகளில் சிறுபான்மைக் கட்சிக்கு ஓர் ஆசனமாவது கிடைத்து வந்தது. அடிமையாகப் பிறந்த ஜான் தாமஸ் 1876ல் அந்த ராஜ்யத்துச் சட்டசபைக்குள் முதல் கறுப்பு இனத்தவராக நுழைந்ததும் இம்முறை இருந்த காலத்தில்தான். மேல்சபைக்கு ஓர் ஆசனமே ஆகையால் அங்கே அவ்வினத்தார் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1980ல் செலவைக் குறைப்பது என்ற பெயரால் கீழ்ச்சபையின் 177 ஆசனங்களை 118 ஆக வெட்டியபோது, மூன்று ஓட்டு முறையும் சேர்ந்து ஒழிந்தது. செலவு என்ற சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் கைதூக்கிவிடுவது எல்லாத் தேசங்களிலும் உள்ளதுதான். ஆனால் எதை விற்று எதை மிச்சப்படுத்துகிறோம் என்பதை அன்று நிதானித்தவர்கள் குறைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே மற்றொரு விநோதம். நகரங்கள் பெருகிக்கொண்டே போக, கிராமத் தொகுதிகளிலிருந்து வந்த சட்டசபை அங்கத்தினர்கள் 1901க்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தொகுதி எல்லைகளைத் திருத்தவே மறுத்துவிட்டார்கள். திருத்தினால் தங்கள் ஆசனம் போய்விடும் அல்லவா? 1964ல் கீழ்ச்சபைக்கு எல்லை வகுப்பதில் இரு கட்சியாரும் உடன்படாமல் போகவே, ராஜ்யம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து 177 பேரையும் ஒருங்கே தேர்ந்தெடுக்கும்படி ஆயிற்று. அத்தேர்தலில் ஓட்டுச் சீட்டின் நீளம் 33 அங்குலம். படுக்கை விரிப்பு என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு ஓட்டு, அந்த ஓட்டுக்குச் சம மதிப்பு என்ற தர்மத்தை உயர்தனி நீதிமன்றம் அதே வருஷத்தில் உறுதி செய்த பிறகே ராஜ்யங்களின் எல்லைக் கோடுகளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது.

அவ்வொழுங்கின் முதல் பலன்களில் ஒருவர் ரிச்சர்ட் நியூஹௌஸ் என்ற கறுப்பு இனத்து வக்கீல். 1966ல் தேர்ந்தெடுக்கப்பட்டு அடுத்த ஆண்டு மேல்சபையில் அமர்ந்த அவர், 24 ஆண்டுகள் ஹைட் பார்க் வட்டாரத்தின் பிரதிநிதியாக இருந்தார். அந்நாளில் சிகாகோ நகரம் மேயர் டேலியின் கைக்குள் அடங்கிக் கிடந்தது. வேலை வேண்டுமா, விளக்கு வேண்டுமா, குப்பை வார வேண்டுமா, வார்டுத் தலைவரைப் பார்க்க வேண்டும். வார்டுத் தலைவர் ஓட்டைப் பார்ப்பார். அந்த இயந்திரத்துக்குக் கட்டுப்படாத ஜனநாயகக் கட்சிக்காரர் சிலரே இருந்தனர். நியூஹௌஸ் அவர்களுள் ஒருவர். 1975ல் டேலிக்கு எதிராகவே மேயர் பதவிக்கு நின்று தோற்றார். எட்டு வருஷங்களுக்குப் பின், 1983ல், ஹாரல்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பு இனத்து மேயரானபோது, நியூஹௌஸ் போன்றோர் வெட்டிய பாதை வீண்போகவில்லை என்பது விளங்கிற்று.

நியூஹௌஸ் 1991ல் விலகினார். இங்கேதான் நம் கதையின் முடிச்சு விழுகிறது.

நம் நாட்டில் ஓர் ஆசனம் காலியானால் உபதேர்தல் வரும். இல்லினாயில் அப்படியில்லை. விலகியவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரோ, அக்கட்சியின் வார்டுத் தலைவர்கள், அத்தொகுதிக்குள் எந்தெந்த வார்டு அடங்குகிறதோ அவற்றின் தலைவர்கள், ஒரு குழுவாகக் கூடி 30 நாட்களுக்குள் புதிய பிரதிநிதியை நியமிக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் எல்லோருக்கும் சம பலம் கிடையாது. தத்தம் வார்டில் கட்சிக்கு விழுந்த ஓட்டின் அளவுக்கு ஏற்ப அவரவர் குரலுக்கு எடை உண்டு. பதவிக்காலத்தில் 28 மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அடுத்த பொதுத் தேர்தலில் ஜனங்களைக் கேட்பார்கள்; குறைவாக இருந்தால் மிச்சக் காலம் முழுவதும் நியமனக்காரரே ஆளலாம். ஓர் அறையில் சில பேர் எடுக்கும் முடிவு இரண்டு லட்சம் பேரின் குரலாகிறது.

இவ்விதமாக 1991ல் நியமனம் பெற்றவர் ஆலிஸ் பாமர் அம்மையார். அவர் கல்வியாளர், தொகுதிவாசிகளின் மதிப்பைப் பெற்றவர், 1992 தேர்தலிலும் வென்றவர். 1995ல் அவ்வட்டாரத்துக் காங்கிரஸ் மகாசபை அங்கத்தினர் ஒருவர் கிரிமினல் வழக்கில் சிக்கவே, அந்த ஸ்தானத்துக்குத் தாம் போட்டியிடப் போவதாக அம்மையார் அறிவித்தார். அப்படியானால் மேல்சபை ஆசனம் காலியாகும். அதற்கு 1995 செப்டம்பரில் ஹைட் பார்க்கில் ஒரு ஹோட்டலில் கூடிய கூட்டத்தில் தம் பெயரைப் பிரகடனம் செய்தவர் 34 வயது இளைஞர் ஒருவர். பேட்டைத் தொண்டராக 1985ல் சிகாகோவுக்கு வந்து, பின் சட்டம் பயின்று, சர்வகலாசாலையில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தவர். பாரக் ஒபாமா என்பது அவர் பெயர். பாமர் அம்மையாரே அப்போது அவரை ஆதரித்தார்.

நவம்பரில் காங்கிரஸ் ஸ்தானத்துக்கு நடந்த பூர்வாங்கத் தேர்தலில் அம்மையார் மூன்றாவதாக வந்து தோற்றார். ஜெஸ்ஸி ஜாக்ஸனின் குமாரர் வென்றார். தோற்றவுடன் அம்மையாரின் நண்பர்கள், பழைய ஆசனமாவது நிலைக்கட்டும் என்று எண்ணி, இளைஞரை விலகும்படி கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். அம்மையார் அவசர அவசரமாக மனுத் தாக்கல் செய்தார். அந்த ராஜ்யத்தில் அபேட்சகராக நிற்க, தொகுதியின் பதிவான ஓட்டர்களிடம் குறிப்பிட்ட தொகைக் கையொப்பம் பெற வேண்டும். பதின்மூன்றாவது தொகுதிக்கு அன்று வேண்டியிருந்தது 757. அம்மையார் தந்தது 1,580.

இரண்டு மடங்கு இருக்கிறதே, போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். போதவில்லை. 1996 ஜனவரியில் ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் அலுவலகத்தில் உட்கார்ந்து, கையொப்பம் கையொப்பமாக ஓட்டர் ஜாபிதாவுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெயரை அச்செழுத்தில் எழுதியிருந்தால் ஆட்சேபம்; கையொப்பமிட்டவர் எல்லைக்கு அப்பால் வசித்தால் ஆட்சேபம்; ஜாபிதாவில் பெயர் இல்லாவிட்டால் ஆட்சேபம். அப்பொழுதுதான் நகர அதிகாரிகள் ஜாபிதாவைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி அத்தொகுதியில் மட்டும் 15,000 பெயருக்கு மேல் அடித்திருந்தார்கள். நேற்றுவரை ஓட்டராயிருந்தவர் இன்று இல்லை; அவர் போட்ட கையொப்பமும் இல்லை. பாமர் அம்மையார் நிலைமையைக் கண்டு தாமே விலகிக்கொண்டார். மற்ற மூன்று அபேட்சகர்களின் மனுக்களும் இவ்வாறே விழுந்தன. அவர்களுள் ஒருவர் 1,899 கையொப்பத்துடன் வந்தவர். சோதனை முடிந்தபோது அவருக்கு 69 குறைந்தது. மார்ச் மாதத்துப் பூர்வாங்கத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. அத்தொகுதியில் பூர்வாங்கத் தேர்தலே மெய்யான தேர்தல். நவம்பரில் நடப்பது சம்பிரதாயம். நவம்பரில் ஒபாமா 100க்கு 82 வீதம் ஓட்டுப் பெற்றார்.

இதில் சட்ட விரோதம் ஏதுமில்லை என்பதை நாம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விதி இருக்கிறது; விதிப்படி ஆட்சேபம்; விதிப்படி தீர்ப்பு. கையொப்பம் சேர்ப்பதில் கவனமில்லாதவர் சட்டம் செய்வதில் எப்படிக் கவனமாயிருப்பார் என்று ஒபாமாவின் பக்கத்தார் கேட்கலாம். கேள்வியில் நியாயமும் உண்டு. பாமர் அம்மையார் முதலில் விலகுவதாகச் சொல்லிப் பின் திரும்பி வந்தவர் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும், ஓட்டர்களின் பதிவு உரிமைக்காக 1992ல் சிகாகோவில் ஓர் இயக்கத்தையே தலைமை தாங்கி நடத்திய மனிதர், தம் முதல் தேர்தலில் ஓட்டர்களுக்குத் தேர்ந்தெடுக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை என்பது உறுத்தாமல் போகுமா? நான்கு பேரையும் களத்தில் நிறுத்தி வைத்தே அவர் வென்றிருக்கக்கூடும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வாய்ப்பு அத்தொகுதி ஜனங்களுக்கு அளிக்கப்படவில்லை.

சட்டசபைக்குப் போனதும் ஆறு வருஷம் அவருக்குக் கை கட்டிய நிலைதான். மேல்சபை குடியரசுக் கட்சியாரின் வசம் இருந்தது. அது ஏன் அவர்கள் வசம் இருந்தது என்பது தனிக் கதை. நமக்கு நகைப்பையும் திகைப்பையும் ஒருங்கே தருவது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனக்கணக்கு எடுத்தபின் தொகுதி எல்லைகளைச் சட்டசபையும் கவர்னரும் சேர்ந்து வகுக்க வேண்டும். முடியாவிட்டால் இரு கட்சிக்கும் சமமாக எட்டுப் பேர் கொண்ட கமிஷன். அதுவும் முடியாவிட்டால் ஒன்பதாவது ஆளைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். குலுக்கலுக்குப் பயந்து இரு கட்சியாரும் சமரசத்துக்கு வருவார்கள் என்பது 1970ல் அரசியல் சட்டம் இயற்றியவர்களின் எண்ணம். நடந்ததோ வேறு. ஐம்பது சதவீதம் வாய்ப்பு இருக்கும்போது சமரசம் எதற்கு என்று இரு கட்சியாரும் சூதாடத் துணிந்தார்கள். 1981ல் சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. 1991ல் குடியரசுக் கட்சிக்கு. 2001ல் லிங்கன் அணிந்தது போன்ற நெடுந்தொப்பி ஒன்றில் சீட்டைப் போட்டு எடுத்தபோது மறுபடியும் ஜனநாயகக் கட்சிக்கு. ஒவ்வொரு முறையும் வென்றவர் தமக்கு வேண்டியபடி கோடு இழுத்தார். லிங்கன் பிறந்த கட்சி எது, அவர் தொப்பியிலிருந்து வெற்றி பெற்ற கட்சி எது என்று யோசித்தால் விதியின் விளையாட்டு விளங்கும்.

2001ல் கோடு இழுக்கும் முறை ஜனநாயகக் கட்சிக்கு வந்தபோது, அக்கட்சியின் அங்கத்தினர்கள் தங்கள் தங்கள் தொகுதி எப்படி அமைய வேண்டும் என்று படத்தின் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒபாமாவும் உட்கார்ந்தார். முந்தைய ஆண்டுதான் அவர் காங்கிரஸ் மகாசபை ஸ்தானத்துக்கு பாபி ரஷ் என்ற பழம்பெரும் தலைவருடன் மோதி, 61க்கு 30 என்ற வீதத்தில் தோற்றிருந்தார். தெற்கு சிகாகோவின் ஏழைத் தெருக்கள் அவரைத் தம்மவராக முழுதும் ஏற்கவில்லை என்பது அத்தேர்தலின் பாடம். புதிய படத்தில் பதின்மூன்றாவது தொகுதியின் உருவம் மாறிற்று. மேற்கே எங்கிள்வுட் முதலிய வறிய பேட்டைகளை நோக்கி விரிந்து கிடந்த தொகுதி, இப்போது ஏரிக்கரையோடு வடக்கே நீண்டு, நகரின் வியாபார மையத்தையும், கோல்ட் கோஸ்ட் என்னும் தனவந்தர் பேட்டையையும் தொட்டது. கறுப்பு இனத்தார் பெரும்பான்மை குலையவில்லை. ஆனால் செல்வமும் செல்வாக்கும் உள்ள புதிய ஓட்டர்கள் கிடைத்தார்கள். பின்னால் 2004ல் அமெரிக்க செனட்டுக்கு நின்றபோது அவருக்குப் பணமும் பக்கபலமும் வந்த திசைகளுள் இவ்வடதிசை முக்கியமானது. ஓட்டர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதுதான் குடியாட்சி என்று நாம் பாடம் படிக்கிறோம். பிரதிநிதி ஓட்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு 2001ஆம் வருஷத்துப் படத்தைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம். எங்கிள்வுட் வாசிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2002 தேர்தலில் அவருக்கு எதிராக யாருமே நிற்கவில்லை. 2003 ஜனவரியில் மேல்சபை ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. அதன் பின் நடந்த காரியங்களை ஓரவஞ்சனையின்றிக் கூற வேண்டும். ஏனெனில் முறை குறையுள்ளதென்றாலும் பயன் நன்றாக இருந்தது.

இல்லினாயில் மரண தண்டனையின் கதை பயங்கரமானது. 1977ல் அத்தண்டனை மீண்டும் சட்டமான பின், 2000க்குள் தூக்கிலும் விஷ ஊசியிலும் என்று சொல்ல வேண்டாம், ஊசியால் மட்டும் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில் 13 பேர் தூக்கறை வரை சென்றபின் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டார்கள். கொன்றவரைவிடத் தவறாகக் கொல்ல இருந்தவர் தொகை அதிகம்! தெற்கு சிகாகோவில் போலீஸ் அதிகாரிகள் சிலர் கைதிகளை அடித்தும் வதைத்தும் ஒப்புதல் வாங்கிய விவரங்கள் வெளியாயின. குடியரசுக் கட்சிக் கவர்னர் ஜார்ஜ் ரையன் 2000ல் தண்டனைகளை நிறுத்திவைத்து, 2003 ஜனவரியில் பதவி இறங்குமுன் 167 பேரின் மரண தண்டனையையும் மாற்றிவிட்டார். அதே ஆண்டு, கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணை முழுவதையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதாவை ஒபாமா நடத்திச் சென்றார். போலீஸாரும் பிராசிக்யூட்டர்களும் முதலில் கடுமையாக எதிர்த்தார்கள். பல மாதம் அவர்களுடன் உட்கார்ந்து பேசி, கடைசியில் எதிர்ப்பேயின்றி நிறைவேற்றினார். அமெரிக்காவில் இதைச் சட்டசபை மூலம் சட்டமாக்கிய முதல் ராஜ்யம் இல்லினாய். வாகனங்களை நிறுத்தும் போலீஸார் ஓட்டுபவரின் இனத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டினதே.

ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். அச்சபையில் ஆம், இல்லை என்பவற்றுடன் ஆஜர் என்று மூன்றாவது ஓட்டும் உண்டு. பலனில் அது இல்லை என்பதற்கே சமம். ஏறக்குறைய 4,000 ஓட்டுகளில் 130 தடவை போல் ஒபாமா ஆஜர் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கட்சியின் யுக்தி என்று நண்பர்களும், நழுவல் என்று எதிரிகளும் பின்னால் வாதாடினார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு.

2004 நவம்பரில் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வாகி அவர் ராஜினாமா செய்தார். மறுபடியும் அந்த அறை. மறுபடியும் வார்டுத் தலைவர்கள். ஹெயிட்டித் தீவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குச் சிகாகோவில் பிறந்த க்வாமே ரௌல் என்ற வக்கீலை நியமித்தார்கள். பதவிக்காலத்தில் 26 மாதமே மிச்சமிருந்தபடியால் 2006 வரை ஜனங்களைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ரௌல் வெறும் பொம்மையாக இருக்கவில்லை. மரண தண்டனையை அடியோடு ஒழிக்கும் மசோதாவை மேல்சபையில் நடத்தியவர் அவரே. 2011 மார்ச் 9ஆம் தேதி கவர்னர் க்வின் கையெழுத்திட்டார். 2018ல் ரௌல் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்படவே, 2019 ஜனவரியில் மூன்றாவது முறையாக அதே அறை கூடிற்று. தொண்டர் இயக்கங்களில் உழைத்த ராபர்ட் பீட்டர்ஸ் நியமனமானார். விசாரணைக் கைதி பணம் கட்டினால்தான் ஜாமீன் என்ற முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவர் முன்னணியில் நின்றார். 2021ல் சட்டமாகி, ராஜ்ய உயர் நீதிமன்றத்தின் சோதனையையும் தாண்டி, 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாய் பண ஜாமீனை முற்றிலும் ஒழித்த முதல் ராஜ்யமாயிற்று.

ஒளிப்பதிவு, மரண தண்டனை ஒழிப்பு, ஜாமீன் சீர்திருத்தம்: இருபது ஆண்டுகளில் ஒரே ஆசனத்திலிருந்து ஒரே திசையில் மூன்று காரியங்கள். ஆள் மாறினாலும் தொகுதியின் மனச்சாட்சி மாறவில்லை. அதே சமயம் 1991 முதல் 2019 வரை அந்த ஆசனத்தில் புதிதாக அமர்ந்த நால்வரில் மூவர் குழுவின் நியமனம். நான்காமவர் பூர்வாங்கத் தேர்தலில் தனி அபேட்சகர். நியமனம் பெற்றவர்கள் பிறகு ஜனங்களிடம் போய் ஓட்டுப் பெற்றார்கள் என்பது மெய்யே. ஆனால் ஆசனத்தில் அமர்ந்துகொண்டு ஓட்டுக் கேட்பவனுக்கும், தெருவில் நின்று கேட்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசியலில் இருப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆட்கள் நல்லவர்களாக அமைந்தது அத்தொகுதியின் அதிருஷ்டம். இதே போன்ற கட்சிக் குழுவின் தேர்வால், தந்தை விலகிய இடத்தில் மகன் அபேட்சகரான உதாரணங்களும் சிகாகோ அரசியலில் இல்லாமலில்லை.

நம் நிலைமை என்ன? காலியான ஆசனத்துக்கு ஆறு மாதத்துக்குள் உபதேர்தல் நடத்த வேண்டும் என்று 1996ல் நம் சட்டத்தில் சேர்த்தார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் அபேட்சகருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும்; மற்றவர்களுக்குப் பத்துப் பேர். சாரமில்லாத குறைக்காக மனுவைத் தள்ளலாகாது என்பதும் நம் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. எல்லைக் கோட்டைச் சட்டசபைக்காரர்கள் இழுப்பதில்லை. நீதிபதி தலைமையில் கமிஷன் இழுக்கிறது. இம்மூன்றிலும் இல்லினாய்க்காரர் நம்மிடம் கற்கலாம். ஆனால் நாம் மார்தட்டிக்கொள்வதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. கட்சியின் அபேட்சகர் யார் என்பதை இங்கே தீர்மானிப்பது யார்? பூர்வாங்கத் தேர்தல் நமக்குக் கிடையாது. தொகுதியில் முப்பது வருஷம் கொடி பிடித்த தொண்டனுக்கு, தன் கட்சியின் டிக்கட் யாருக்கு என்பது பத்திரிகையில் ஜாபிதா வெளியாகும் அன்றுதான் தெரிகிறது. சிகாகோவின் அறையில் வார்டுத் தலைவர்களாவது பலர். அவர்களையும் அவர்கள் கட்சியின் ஓட்டர்களே பூர்வாங்கத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் அறைகளில் சில சமயம் ஒரே நாற்காலிதான் இருக்கிறது. உபதேர்தல் வந்தாலும், அதில் நிற்பவரை அந்த ஒரு நாற்காலி நியமித்திருக்குமானால், ஜனங்கள் செய்வது தேர்வா, ஊர்ஜிதமா?

2011லும் 2021லும் இல்லினாயில் சட்டசபையும் கவர்னர் பதவியும் ஒரே கட்சியின் வசம் இருந்தமையால், கோடு இழுக்கச் சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே கட்சி நிம்மதியாக இழுத்துக்கொண்டது. அடுத்த ஜனக்கணக்கு 2030ல். பதின்மூன்றாவது தொகுதி அதற்குப் பின் வடக்கே நீளுமா, மேற்கே திரும்புமா, லிங்கன் தொப்பியை அலமாரியிலிருந்து எடுப்பார்களா என்பது 2031ல் தெரியும்.